விண்ட்சர்ஃபிங் பலகைக்கு ஃபோம் ஒட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: விரிசலை மூடி மறைத்துத் தந்த பட்டறை

பாம்பன் தீவில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் வலுவால் கடலில் செல்லும் விளையாட்டு) பழகும் நண்பர்களும், சொந்தப் பலகை வாங்க எண்ணியிருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் 130 லிட்டர் கன அளவுள்ள பலகையின் மூக்குப் பகுதியில் பாதுகாப்பு ஃபோம் ஒட்டித் தரும்படி கடலோர ஊர் ஒன்றிலுள்ள பட்டறையில் 6,500 ரூபாய் கொடுத்தேன். மூன்றே வாரங்களில் பலகை கடலில் இறக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் இந்த ஃபோம் எவ்வளவு தேவை என்பது விழுந்து எழுந்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையின் கொக்கி பாயோடு மாட்டியிருக்கும்போது திடீரென வேகக்காற்று அடித்தால், ஆளையும் பாயையும் சேர்த்து முன்பக்கம் தூக்கி எறிந்துவிடும். அப்போது பாய் தாங்கும் மாஸ்ட் நேராகப் பலகையின் மூக்கில் வந்து மோதும். பலகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த பாலிஸ்டைரீன்தான். அதன் மேல் கண்ணாடி இழையும் எபாக்சி என்னும் இறுகும் பிசினும் சேர்ந்த மெல்லிய ஓடு மட்டுமே இருப்பதால், ஓர் அடியிலேயே விரிசல் விழுந்துவிடும். அந்த அடியைத் தாங்கத்தான் ஃபோம்.

என் பலகையில் ஏற்கெனவே மயிரிழை அளவு விரிசல் ஒன்று இருந்தது. அதை நானே காட்டி, முதலில் இதை அடைக்க வேண்டாமா என்று கேட்டேன். “ஃபைபர் போட்டையே கட்டித் தர்றோம் சார், இது ஒரு வேலையா? ஃபோம் ஒட்டிட்டா சொட்டுத் தண்ணி இறங்காது” என்றார் உரிமையாளர். அந்தச் சொல்லை நம்பி, வேலை நடக்கும்போது அருகில் இருக்காமல் வந்துவிட்டது என் தவறு. மறுநாள் கறுப்பு ஃபோம் மெத்தை பளபளவென்று ஒட்டியிருந்தது. மூக்கோடு நிற்காமல் மாஸ்ட் பொருத்தும் இடம் வரை நீட்டி ஒட்டியிருந்தார்கள். கூடுதல் பாதுகாப்பு என்றார்கள்.

இரண்டாம் வாரத்தில் மெத்தையின் ஓரம் எழும்பியது. மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தியபோது ஓடு உள்வாங்கியது. மீன் எடை போடும் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 8.9 கிலோவாக இருந்த பலகை 10.6 கிலோ காட்டியது. மெத்தையை உரித்துப் பார்த்தபோது, விரிசல் அடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் வழியே பசை உள்ளே இறங்கி, தெர்மாகோலில் கைமுட்டி அளவுக்குக் குழி விழுந்து, அதில் கடல்நீர் தேங்கியிருந்தது.

அவர்கள் பூசியது செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை. ஓட்டில் பழுதே இல்லாத பலகைக்கு அந்த வகைப் பசை கெடுதல் செய்யாது. ஆனால் அதிலுள்ள கரைப்பான், விரிசல் வழியே பாலிஸ்டைரீனைத் தொட்டுவிட்டால், பெட்ரோல் பட்ட தெர்மாகோலைப் போல அதைக் கரைத்துவிடும். ஐயம் தீர, மீன் பெட்டியிலிருந்து உடைந்த தெர்மாகோல் துண்டு ஒன்றில் அதே பசையைச் சொட்டுவிட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் விழுந்தது. வள்ளங்களுக்கு அவர்கள் வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் ரெசினும் இதே கேட்டைச் செய்யும். இத்தகைய பலகையின் விரிசலை எபாக்சி கொண்டு மட்டுமே அடைக்க வேண்டும்.

ஒட்டிய ஃபோமும் சொன்ன பொருள் அன்று. நீர் புகாத நுண்ணறைகள் கொண்ட ஈ.வி.ஏ. என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். உரித்த துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தபோது நீர் வழிந்தோடியது. இருக்கைகளுக்குள் வைக்கும் சாதாரண ஸ்பாஞ்சு அது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஒட்டுவதற்கு முன்பே ஒரு துண்டு கேட்டு வாங்கி நீங்களே செய்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் என்னைப் பெரிதும் வருத்தியது காற்றுத் திருகு. வெயிலில் பலகையின் உள்காற்று விரியும்போது அது வெளியேறுவதற்காக மேல்தளத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். தொழிற்சாலையிலேயே மெத்தை ஒட்டி வரும் பலகைகளில் அந்த இடத்தை வட்டமாக வெட்டி விட்டிருப்பார்கள். இவர்களோ அதன் மேலேயே ஒட்டி மூடிவிட்டார்கள். கறுப்பு மெத்தை வெயிலை இழுக்க, காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், கால்பட்டைகளுக்கு முன்னால் ஓடு உள்பகுதியை விட்டுப் பிரிந்து உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருக்கிறது. மூக்கையாவது வெட்டிக் கட்டலாம். இந்த உப்பலைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

முறையான வேலை இப்படித்தான் நடக்க வேண்டும். முதலில் விரிசலைத் திறந்து உலரவிட்டு, எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் வைத்து அடைத்து, அது இறுகிய பிறகே ஃபோமைப் பற்றிப் பேச வேண்டும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, உப்பும் எண்ணெயும் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எல்லையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். பசையை இரு பரப்புகளிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும்; பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் பசை என்பதால் நகர்த்தித் திருத்த முடியாது. பிறகு ஒரு நாள் முழுவதும் தண்ணீர் காட்டக் கூடாது. காய்வதை விரைவுபடுத்துகிறேன் என்று யாராவது வெப்பக்காற்றுத் துப்பாக்கியை எடுத்தால், அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். உள்ளே உள்ள பாலிஸ்டைரீன் அந்தச் சூட்டைத் தாங்காது. விரிசல் அடைத்த நிலையை, மெத்தை அதை மூடுவதற்கு முன், உங்கள் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உரித்த பலகையோடு சென்று கேட்டபோது, நான் பாறையில் மோதியிருப்பேன் என்றார்கள். ரசீதில் ‘போர்டு வேலை’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லாததால், ஈ.வி.ஏ. என்று சொன்னதையோ விரிசலை மூடியதையோ என்னால் ரசீதை வைத்து மெய்ப்பிக்க முடியவில்லை. பொருளின் பெயர், பசையின் வகை, விரிசல் அடைத்த விவரம் ஆகியவற்றை எழுதித் தராத இடத்தில் பலகையை இறக்கி வைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் கால வரம்பு உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை.

பலகை இப்போது திண்ணை நிழலில் மூக்கு கீழே இருக்கும்படி சாய்ந்து நிற்கிறது. வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கிறேன்; இந்த வாரம் 9.4 கிலோ. எடை குறைவது நின்ற பிறகே எபாக்சியைத் தொடுவேன்.