குச்சியில்லாத காத்தாடி: வாங்கலாம், கூட வரும் நூலைத் தொடாதீர்கள்

ஆன்லைனில் வாங்கிய பட்டம் இது. பாராஃபாயில் என்று போட்டிருந்தார்கள். குச்சியே கிடையாது, முழுக்கத் துணி. முன்வாய் வழியாகக் காற்று புகுந்து அறைகள் உப்பியதும் இறக்கையாகிவிடும். ஒன்று 700 ரூபாய். மூன்று வாங்கினேன்.

"பெருசா ஒண்ணு வாங்கக்கூடாதா?" என்றாள் மனைவி. முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். இறக்கையை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்குதான், எடையோ எட்டு மடங்கு. பட்டத்தில் மின்சாரம் எடுப்பவர்களுக்கும் இதே தலைவலி. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் மகானி என்ற பட்டம், 26 மீட்டர் இறக்கையில் 600 கிலோவாட் எடுக்கப் பார்த்தது. 2019இல் நார்வே கடலில் பறக்கவிட்டு, மறு வருடமே மூடிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒருவர் சின்னச் சின்ன இறக்கைகளை வளையமாகக் கோத்து, அது சுழல்வதைக் கயிற்று வலை வழியாகவே தரையிலுள்ள ஜெனரேட்டருக்கு இறக்குகிறார். எனக்கு அந்தக் கட்சிதான் பிடிக்கும்.

திருவான்மியூர் கடற்கரையில், ஒரே தாய்க்கயிற்றில் பத்தடிக்கு ஒன்றாக மூன்றையும் கட்டினேன். கொக்கித் தராசில் ஒன்று மட்டும் இரண்டு கிலோ இழுத்தது. மூன்றும் சேர்ந்து ஐந்தரை. துணியும் தையலும் அசையவில்லை. ஆனால் ஒன்றுக்குச் சூத்திரம், அதாவது காத்தாடியைக் கயிற்றோடு சேர்க்கும் கட்டு, கோணலாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது இடப்பக்கம் சாய, மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது. கோத்துப் பறக்கவிடுவதில் உள்ள வில்லங்கமே இதுதான். விற்றவர்களுக்குப் போன் போட்டால், "வால் கட்டுங்க சார், சரியாயிடும்." வால் கட்டினால் பாரம் ஏறி, காத்தாடி தாழ்ந்துவிடுமே! சூத்திரக் கயிற்றை அரை இஞ்ச் குறைத்து நானே கட்டிக்கொண்டேன்.

காத்தாடியை வானத்தில் எட்டு போட்டுச் சுற்றவைத்தால் இழுவை பல மடங்கு ஏறும். 1980இல் மைல்ஸ் லாய்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் போட்ட கணக்கு அது. இது ஒற்றைக் கயிறு என்பதால் எட்டு போடாது, சும்மா நிற்கும்.

கூட வந்த நூல் நைலான். காத்தாடிக்கு நைலான் நூலும் மாஞ்சாவும் தமிழ்நாட்டில் தடை. கழுத்தறுந்து செத்தவர்கள் இருக்கும் ஊருக்கு எந்த தைரியத்தில் இதை அனுப்புகிறார்கள்? பாரிமுனை கயிற்றுக்கடையில் பருத்திப் பின்னல் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், கையுறையும் சேர்த்து.

காத்தாடிக்கு நான்கு நட்சத்திரம். நூலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது போனால் காத்தாடி கடலுக்குள் போய் நிற்கும்; சாயங்காலம் கடல்காற்று திரும்பிய பிறகு போங்கள்.