கொக்கிரகுளம் மனுக்கடை: ஐந்துக்கு நாலு

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் இதுவும் ஒன்று. பலகையில் பெயர் கிடையாது. 'ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்' என்று மட்டும் இருக்கும். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று எல்லா மனுவும் எழுதுகிறார் அண்ணாச்சி. அதெல்லாம் மற்ற கடைகளைப் போலத்தான். நான் சொல்ல வந்தது, இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களின் குடியுரிமை மனுவை அவர் கையாளுகிற விதத்தைப் பற்றி.

நான் பாளையங்கோட்டைக்காரன். மனைவி முகாமில் வளர்ந்தவள். மாமனார் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடி, 1984இல் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். மச்சான் பிறந்தது 1986, என் மனைவி பிறந்தது 1989. இரண்டு பேரும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்தான்.

முதலில் வேறொரு இடத்தில் மனு எழுதினோம். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'குடியுரிமை' என்ற கட்டத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'இலங்கை' என்று அடித்துக் கொடுத்தார்கள். முகாம் என்றால் இலங்கைதானே என்ற கணக்கு. அந்தத் தாளைப் பார்த்ததும் அண்ணாச்சி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இலங்கைன்னு யாரு சொன்னா? இலங்கை சொல்லிச்சா?"

அது சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். 1948இல் வந்த சிலோன் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களை வெளியே நிறுத்தியது. 1964இல் இரண்டு நாடும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் காகிதத்தில் பிரித்த எல்லாருக்கும் காகிதம் கைக்கு வந்துவிடவில்லை. 2003இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் அங்கேயே குடியிருந்தவர்களுக்குத்தான். படகேறியவர்களைச் சேர்க்க 2009 வரை ஆனது. அதற்கும் விண்ணப்பித்தால்தான் உண்டு. மாமா விண்ணப்பிக்கவில்லை. ஆக இலங்கையும் அவரை எழுதிக்கொள்ளவில்லை, இந்தியாவும் எழுதிக்கொள்ளவில்லை.

"கட்டத்த அப்புறம் நிரப்பலாம் ஐயா, பழைய பேப்பர் என்ன இருக்கோ எல்லாத்தையும் எடுங்க" என்றார். மாமா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அவருடைய அப்பா காலத்துச் சீட்டு ஒன்றை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் பழுப்பேறி, ஒரு மூலை பூச்சி தின்ற தாள். இது எதற்கும் ஆகாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி அடியில் வெள்ளைத்தாள் வைத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஊதா முத்திரையை எழுத்தெழுத்தாகப் படித்தார். கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்து முத்திரை. 1970ஆம் வருஷம், ஒரு விண்ணப்ப எண். "இது வெறுஞ்சீட்டு இல்ல ஐயா. எங்களச் சேத்துக்கிடுங்கன்னு உங்க அப்பா இந்தியாட்ட கேட்டிருக்காரு. இந்தியா வாங்கி வச்சிருக்கு." மாமா அந்த எண்ணைத் தானும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் பிறந்த தேதிகளுக்கு வந்தார். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யாரென்ற கேள்வி இல்லை. அதனால் மச்சான் இந்தியர். மூன்று வருஷம் பிந்திப் பிறந்த தங்கச்சி இல்லை. அப்பா அம்மா ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கை வைத்துத்தான் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். மச்சானுக்கு அதே வழியில் பாஸ்போர்ட் மனு போட்டு, இப்போது போலீஸ் விசாரணையில் நிற்கிறது.

மனைவிக்கு வேறு மனு. 2019இல் மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பையும் கண்டிச் சீட்டையும் இணைத்து எழுதினார். இதில் என் மகளும் இருக்கிறாள். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, அம்மா 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். உரிய பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த, அல்லது முறையாக நுழைந்தும் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்ட வெளிநாட்டவர்தான் அப்படிப்பட்டவர். "ஹைகிரவுண்டுல பொறந்த பிள்ள எங்கேருந்து நுழைஞ்சா?" என்று கேட்டுவிட்டு, அதையே ஒரு பத்தியாக மனுவில் சேர்த்தார். எந்த வக்கீலும் எங்களிடம் இப்படிச் சொன்னதில்லை.

லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பையன் சொல்கிறான், பிரிட்டனில் நாடற்றவர் யாரென்று கண்டறிய 2013 முதல் தனி விண்ணப்பமே இருக்கிறதாம், கட்டணமும் கிடையாதாம். நாடற்றோருக்கான 1954 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, இங்கே அப்படியொரு தனி நடைமுறையும் இல்லை. கொக்கிரகுளத்தில் அந்த வேலையை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் மனுவுக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்கிறார்.

சரி, ஒரு மார்க் ஏன் குறைத்தேன்? உட்கார இடம் கிடையாது. முட்டி வலியுள்ள மாமாவைப் படியில் உட்கார வைத்தோம். ரசீது தருவதில்லை. மனு போன பிறகு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து கேட்பதெல்லாம் அவர் வேலை இல்லை, போன் செய்தால் எடுக்கவும் மாட்டார். வழக்கு என்று போனால் இவர் போதாது. அதற்கு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் இனக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அங்கே வக்கீல் இலவசம். அப்புறம், யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்திலிருந்து வந்து இலங்கைக் குடியுரிமை உறுதியாக உள்ளவர்கள், பிள்ளைகளின் பிறப்பைச் சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியத்தான் அலைகிறார்கள் என்றால், முகாமிலேயே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆட்களைக் கேட்பது நல்லது. அண்ணாச்சியே அப்படித்தான் சொல்லி அனுப்புவார்.

திங்கள்கிழமை போகாதீர்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. புதன், வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசுவார். ரேஷன் சீட்டு, முகாம் அட்டை, பிறப்புச் சான்று, அங்கேயிருந்து கொண்டுவந்த உத்தேச வயதுச் சான்றிதழ், தோட்டத்துச் சீட்டு என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கிழிசல் என்று எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைப் பையனிடம் மட்டும் கவனம்: பழைய தாளைக் கண்டாலே லேமினேஷன் மிஷினில் விடப் பார்ப்பான்.