வாடகை வீட்டில் நீங்காத வாடை: மேற்பூச்சா, மூலத்தைத் தேடுவதா?

குடியிருப்பவர் வாடை அடிக்கிறது என்று முறையிட்டதும், சென்னை அடுக்ககங்களில் வீட்டு உரிமையாளர்கள் பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் அடிப்பதையும் பினாயில் ஊற்றிக் கழுவுவதையுமே முதலில் நாடுகின்றனர். ஓரிரு நாளில் முடிந்துவிடும், செலவும் முன்கூட்டியே தெரியும் என்பதால் இவ்வழி கவர்ச்சியாகத் தோன்றினாலும், ஈரம் ஊறிய சுவரின்மேல் அடித்த வண்ணம் விரைவில் உப்பி உரிவதோடு பூஞ்சை வாடையும் திரும்பிவிடுகிறது. முந்தைய குடித்தனக்காரரின் சமையல் வாடை மட்டுமே தங்கியிருக்கும் வீட்டுக்கு, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவிய பிறகு அடிக்கும் வண்ணம் போதுமானது.

மூலத்தைத் தேடும் வழி பொறுமையைக் கோருகிறது. எனினும், அதற்கான செலவு சில வேளைகளில் ஒரு குவளைத் தண்ணீரோடு முடிந்துவிடுவதும் உண்டு. குளியலறைத் தரையிலுள்ள வடிகால் பொறியில் (வடிகால் துளைக்குக் கீழே எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும் பகுதி) ஏறத்தாழ 50 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் நீரே கழிவுநீர்க் குழாயின் வாயு உள்ளே வராமல் தடுக்கிறது. வீடு சில வாரங்கள் பூட்டிக் கிடந்தால் அந்நீர் வற்றிவிடும். நீர் ஊற்றிய பிறகும் வாடை நிற்காவிட்டால், பொறியின் விரிசலையும் குழாய் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எழும் முறையீடாயின், வெளிச்சுவர்க் கசிவை அடைத்து, சுவர் முழுமையாக உலர்ந்த பின்னரே வண்ணத்தைப் பற்றிப் பேசலாம்.

பொறுப்பு யாருடையது என்ற சச்சரவைத் தவிர்க்க, அடைப்பு நீக்குவதையும் குழாய் மாற்றுவதையும் ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், மூலம் தெரியும்வரை வண்ணக்காரரை அழைக்கவே மாட்டேன்.