கற்றுத்தருகிறவரே காரும் விற்றால் உஷார்: ட்ரிஃப்ட் பழகப் போய் நான் ஏமாந்தது

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. "ஒரே நாளில் ட்ரிஃப்ட் கற்றுக்கொள்ளுங்கள்." ட்ரிஃப்ட் என்றால் காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, அதைக் கட்டுப்பாட்டில் வைத்தபடியே வளைவைக் கடப்பது. கீழே சின்ன எழுத்தில், "ட்ரிஃப்டுக்குத் தயாரான கார்களும் கிடைக்கும்." இந்த இரண்டு வரியிலும் காசைத் தொலைத்தவன் நான். விளம்பரம் கொடுத்தவரின் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு இடத்தில் கடை விரிக்க அவருக்கு அரை நாள் போதும். அவர் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆறு மணி நேர வகுப்பு என்றார்கள். அதில் முதல் இரண்டரை மணி நேரம் ஓர் அறைக்குள் வரலாறு. 1970களில் ஜப்பானில் தகாஹாஷி குனிமிட்சு பந்தய வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவுகளைக் கடந்தது, அதைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகிய ட்சுசியா கெய்இச்சி 'ட்ரிஃப்ட் கிங்' ஆனது, 2004இல் அமெரிக்காவில் ஃபார்முலா ட்ரிஃப்ட் என்ற போட்டித் தொடர் தொடங்கியது. எல்லாம் உண்மைதான், சுவாரசியமாகத்தான் சொன்னார். நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் மைதானம். ஒரே வண்டி, எட்டுப் பேர். அந்த வண்டி முன்சக்கர இழுவை, அதாவது இன்ஜின் சக்தி முன்சக்கரங்களுக்குத்தான் போகும். பின்சக்கர டயர்களின் மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தார்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொட்டாலே பின்பக்கம் பனிக்கட்டியில் போவது போல வழுக்கும். வெளியிலிருந்து பார்க்க ட்ரிஃப்ட் மாதிரியே இருக்கும், படமும் நன்றாக வரும். வழுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பும் பயம் தெளிய அந்த வளையம் ஓரளவு உதவும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால் கற்றுக்கொள்வது முழுக்கத் தலைகீழ். முன்சக்கர இழுவையில் வண்டி வழுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரம் இழுத்து வண்டியை நேராக்கிவிடும். பின்சக்கர இழுவையில் அதே மிதி பின்பக்கத்தை இன்னும் வெளியே தள்ளும். பயந்த நேரத்தில் மிதித்துத் தப்பிக்கும் பழக்கத்தை அந்த ஒரு நாளில் என் காலில் ஏற்றிவிட்டார்கள். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

கூட வந்த நண்பன் கைப்பேசியில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஆறு மணி நேரத்தில் ஸ்டீயரிங் என் கையில் இருந்தது 22 நிமிடம். அதிலும் பாதி நேரம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோச்தான்.

மாலையில் சான்றிதழ் கொடுத்துவிட்டுத் தோளில் கை போட்டார். "ப்ரோ, உங்க கால் நல்லா இருக்கு. வண்டிதான் உங்களுக்குப் பத்தல." தூண்டில் இதுதான். பழக முடியாத வண்டியைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, வரவில்லை என்றதும் குறை வண்டியில் என்று சொல்லி, பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் இன்னொரு வண்டியைக் காட்டுவது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது.

கொட்டகையில் நின்றது பழைய பின்சக்கர இழுவைக் கார். டர்போ போட்டு 350 குதிரைத்திறன், டூ-வே எல்எஸ்டி (மிதித்தாலும் விட்டாலும் இரண்டு பின்சக்கரங்களையும் கூடியவரை சேர்ந்தே சுற்றவைக்கும் பாகம்), முன்சக்கரங்கள் அதிகம் திரும்ப ஆங்கிள் கிட், ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக், பக்கெட் சீட். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை, தவறு தயாரித்தவர்களுடையது அல்ல. காலையில் அதே வாயால் ட்சுசியாவின் கதையைச் சொன்னவர் அவர். அந்தக் கதையில் ட்சுசியா ஓட்டிய டொயோட்டா ஏஇ86 காரில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 130 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பழக 350 குதிரை எதற்கு என்பது, நோட்டில் எழுதி வைத்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

ஓட்டிக்கொண்டு வரும்போதே ஒன்று உறுத்தியது. வண்டியை நிறுத்த மெதுவாக வளைத்தால் பின் டயர் கீச்சென்று கத்தி, துள்ளித் துள்ளி வந்தது. போன் செய்தேன். "எல்எஸ்டின்னா அப்படித்தான் ப்ரோ, ரேஸ் பார்ட்டு." முழுப் பொய்யாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கிளட்ச் தட்டு வைத்த டூ-வே எல்எஸ்டியும் குறுகிய வளைவில் கடகடக்கத்தான் செய்யும். பாதி உண்மை என்பதால் நம்பினேன்.

முதல் நாள் பயிற்சித் தளத்தில் வண்டி திரும்பத் திரும்பச் சுழன்றது. வழுக்க ஆரம்பித்ததும் பயம் வரும், உடனே கால் மிதிக்கும், 350 குதிரையும் ஒன்றாகக் கிளம்பும், நான் எதிர்த்திசை பார்த்து நிற்பேன். மூன்றாவது முறை போனபோது பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு அரைக்கும் ஓசை.

அங்கே ஒரு பழைய மெக்கானிக் இருந்தார். டிஃபரன்ஷியலின் (இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) ஆயிலை வடித்து ஒரு தட்டில் பிடித்து, காந்தத்தை விட்டு எடுத்தார். இரும்புத் துண்டுகள் முள் முள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தன. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். "எல்எஸ்டியா? யார் சொன்னாங்க தம்பி? இது சாதா டிஃப். உள்ள இருக்கிற பல்ல வெல்டு வச்சு ஒட்டியிருக்கான். அதையும் உருப்படியா வைக்கல."

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெல்டு வைத்த டிஃப் கேவலமான பொருள் அல்ல. சாதா டிஃபில் வளைவின் உட்புறச் சக்கரம் லேசாகிச் சும்மா சுழலும். வெளிச்சக்கரத்துக்குச் சக்தி போகாது, ட்ரிஃப்ட் பாதியில் செத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பூட்ட மலிவான வழி வெல்டிங், ஆரம்பக்காரர்கள் நிறையப் பேர் அதில்தான் பழகுகிறார்கள். மலிவான வேலையைச் செய்துவிட்டு எல்எஸ்டி விலையை வாங்கியதுதான் மோசடி. அரைகுறை வெல்டு உடைந்து பற்களுக்கு நடுவே சிக்கினால் ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் இறுகிவிடும். எனக்கு அது நடக்காதது அதிர்ஷ்டம்.

வாங்கும் முன் ஐந்து நிமிடத்தில் இதைச் சோதித்திருக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பின்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறதா, அது சாதா டிஃப். ஒரே திசையில் சுற்றினால் எல்எஸ்டியாகவும் இருக்கலாம், வெல்டாகவும் இருக்கலாம். அப்போது ஒரு பக்கத்தை மட்டும் இறக்கித் தரையில் ஊன்றி, தூக்கிய சக்கரத்தை நீண்ட பிடி போட்டுத் திருப்பிப் பாருங்கள். தட்டு வைத்த எல்எஸ்டி கடினமாகவாவது நழுவிச் சுற்றும். வெல்டு அசையவே அசையாது. விற்பவர் ஜாக்கி போட விடமாட்டேன் என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

மெக்கானிக் அதோடு விடவில்லை. அடிப்பாகத்தில் புதிதாகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் மாட்டும் இடத்தில், தரைத் தகட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். பி.எம்.டபிள்யூ இ46 வகையில் இந்த இடம் விரிவது ஊரறிந்த விஷயம், அதை வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் டார்ச் அடிப்பார்கள். எந்த வண்டியாக இருந்தாலும், திடீரென்று ட்ரிஃப்ட் உதைகளை வாங்கும் பழைய தகட்டை நம்பக் கூடாது. பழைய வண்டியின் அடியில் மட்டும் புத்தம் புதிய பூச்சு இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆங்கிள் கிட்டும் அப்படித்தான்: ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள் தகட்டில் உரசியது, முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடு ஒன்று வளைந்திருந்தது.

சரி, எந்த வண்டியைத்தான் வாங்குவது? பின்சக்கர இழுவை, மேனுவல் கியர், 150 முதல் 200 குதிரைத்திறன், உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். பழக இதற்கு மேல் எதுவும் வேண்டாம். சக்தி அதிகமானால் எந்தத் தவறையும் மிதித்து மூடிவிடலாம் என்று தோன்றும். எடை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படி நகர்கிறது என்பது பிடிபடவே பிடிபடாது, டயர் மட்டும் தேயும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இல் அது 2265 மி.மீ., பி.எம்.டபிள்யூ இ36இல் 2700 மி.மீ. குட்டை வண்டி சட்டென்று சுழன்றுவிடும், நீளமானது யோசிக்க ஒரு நொடி கொடுக்கும். நிஸான் சில்வியாவுக்கு ட்ரிஃப்ட் பேரைச் சொல்லியே விலை ஏற்றி வைத்திருக்கிறார்கள், பேருக்காகக் காசு கொடுக்காதீர்கள். முதலில் சீட், பெல்ட், ஹெல்மெட், குளிர்விக்கும் அமைப்பு. டர்போ கடைசி.

இப்போது வேறோர் இடத்தில் பழகுகிறேன். தண்ணீர் விட்ட தளம், சக்தி குறைந்த வண்டி, நடுவில் ஒரே ஒரு கூம்பு. இரண்டாவது கியரில் அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அது மட்டும்தான். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் கைக்குள் ஓடவிட்டால், வண்டி போகும் திசைக்கு முன்சக்கரம் தானாகவே திரும்பிக்கொள்கிறது. சரியான இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் நம் வேலை. கோணத்தைப் பிடித்துவைப்பது ஆக்சிலரேட்டர், அதுவும் நூலளவு கூட்டிக் குறைப்பது. கண் கூம்பைப் பார்க்கக் கூடாது, அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். வட்டம் நிலைத்த பிறகுதான் எட்டு போடுவது, கிளட்சைச் சட்டென்று உதைத்து விட்டுப் பின் டயரின் பிடியை உடைப்பது, வண்டியை எதிர்ப்பக்கம் ஆட்டி வளைவுக்குள் வீசுவது எல்லாம். பழைய வகுப்பு காலில் ஏற்றிய பழக்கத்தை இறக்கவே எனக்கு மூன்று நாள் போனது. இங்கே சேரும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஸ்டீயரிங் என் கையில் எத்தனை நிமிடம்? தயங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். இவர்கள் கார் விற்பதில்லை.

பணம் திரும்பக் கிடைத்ததா என்று நிச்சயம் கேட்பீர்கள். நண்பனின் வீடியோவைக் காட்டிச் சண்டை போட்டதில் வகுப்புக் கட்டணத்தில் பாதி வந்தது. கார் பணத்தில் ஒன்றும் வரவில்லை. ரசீதில் "இருந்த நிலையில் விற்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது, எல்எஸ்டி என்ற சொல்லே இல்லை. அதை அவர் வாயால் மட்டும்தான் சொல்லியிருந்தார். வண்டி இப்போது பட்டறையில், பின் தகட்டை வெட்டி எடுத்த நிலையில், நான்கு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது.