3 மில்லிமீட்டர் வெட்சூட்: நான்கு வருடம் போட்டுப் பார்த்ததில்

புதுச்சேரிக் கடலில் டைவ் அடிக்க வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை, எதற்கு என்றுதான் முதலில் நானும் கேட்டேன். மேல்தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். ஆனால் காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கிறது. 18 மீட்டர் ஆழத்தில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்தால், சித்திரை வெயிலிலும் பல் தந்தியடிக்கும்.

சரி என்று ஆன்லைனில் 5 மில்லிமீட்டர் ஒன்று வாங்கினேன், அதுவும் தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக. இரண்டுமே தப்பு. நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. வெட்சூட் லூஸாக இருந்தால் அதனால் பலனில்லை. ஒவ்வொரு தடவை காலை உதைக்கும்போதும் இடுப்புப் பள்ளத்தில் புதுத்தண்ணீர் ஜில்லென்று புகுந்து வெளியேறியது. போதாக்குறைக்கு தடிமனால் மிதப்பும் அதிகம். கூடுதல் ஈயம் கட்டித்தான் இறங்க முடிந்தது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகிக் குமிழ்கள் நசுங்கியதும் மிதப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது, கட்டிய ஈயமோ குறையாமல் கீழே இழுத்தது.

இரண்டாவதை நேரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், 3 மில்லிமீட்டர், முழுக்கை முழுக்கால். கடையில் குந்தி உட்கார்ந்தேன், கையைத் தூக்கினேன், முதுகின் கீழ்ப்பகுதியைக் கிள்ளிப் பார்த்தேன். அங்கேயும் அக்குளிலும் துணி தொங்கினால் வேண்டாம். கழுத்து இறுக்கமாக இருக்கலாம், மூச்சு முட்டக் கூடாது. என் தொப்பைக்குத் தோதான சைஸ் நெஞ்சில் தொளதொளத்தது. நெஞ்சுக்குச் சரியானதை எடுத்துக்கொண்டு தொப்பையைச் சமாளிக்கச் சொன்னேன். சமாளித்துக்கொண்டது. மாட்டும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு போகும்.

நான்கு வருடத்தில் வெட்சூட்டின் முழங்கால் பகுதி தேய்ந்துவிட்டது. பட்டைத் தையலில் ஊசித்துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வரும், நம் கடலுக்கு அது ஒரு குறையே இல்லை. சொறி மீன் உரசியபோதும் தப்பித்தேன், ஆனால் முகத்துக்கும் கைக்கும் காப்பு கிடையாது. பழையதை மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் போட்டுத் தோள்பட்டையில் வெடிக்க விட்டேன். இதை நல்ல தண்ணீரில் உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அலசி, நிழலில் இடுப்பளவு மடித்துக் குழாய்மேல் போடுகிறேன். உள்ளே ஒன்றுக்குப் போகாத டைவர் கிடையாது, அதனால் அலசலில் சோம்பல் ஆகாது.

அடுத்ததும் 3 மில்லிமீட்டர்தான். முதுகு ஜிப்பை விட்டு மார்பு ஜிப்புக்கு மாறலாமா என்று மட்டும் யோசனை. ஒவ்வொரு தடவையும் படகுத் தம்பி ஜிப்பை இழுத்துவிடப் பின்னால் வந்து நின்று, "அண்ணே, வயித்தை உள்ளே இழுங்க" என்று எல்லார் காதிலும் விழச் சொல்கிறான்.