போன்சாய் வகுப்பில் 6,500 ரூபாய் போச்சு: பணம் கட்டும் முன் படியுங்கள்

நேற்று ராத்திரி அந்தத் தொட்டியைக் கவிழ்த்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. சென்னையில் ஒரு நர்சரியோடு சேர்த்து நடத்துகிற ஒருநாள் போன்சாய் வகுப்பு, அதாவது மரத்தைச் சின்னத் தொட்டியில் குட்டையாக வளர்க்கப் பழகுவது. புதிதாகக் கற்பவர்களுக்கானதாம். கட்டணம் 6,500 ரூபாய். மரம், தொட்டி, கம்பி எல்லாம் அதில் அடக்கம். ஒரு வருஷத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்கலாம் என்றும் சொன்னார்கள்.

காலை வகுப்பில் குறையே இல்லை. பயிற்சியாளர் தன் இச்சி மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்மண்ணைக் குச்சியால் உதிர்த்து, தடித்த வேர்களை வெட்டி, சல்லிவேர்களை விட்டுத் திரும்ப நட்டார். கிளையை வளைத்து வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பியை அதில் 45 டிகிரி சாய்வாகச் சுற்ற வேண்டும், பட்டையில் பதியும் முன் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து காட்டினார். "இது என்கிட்ட இருபது வருஷமா இருக்கு மேடம்" என்று அடிமரத்தைத் தடவியபடி சொன்னார். அந்த இடத்தில்தான் முழு நம்பிக்கை வந்தது.

மதியம் ஆளுக்கொரு ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் கொடுத்தார்கள். ஏற்கெனவே நட்டு, மேலே கூழாங்கல் பரப்பியது. வேர் வெட்டிப் பழக வேண்டாமா சார் என்று கேட்டேன். "முதல் மரத்துல வேரைத் தொடாதீங்க, செத்துரும். என்னை நம்புங்க மேடம்."

வீட்டில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் கல்லுக்கு மேலேயே வழிந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "சூப்பர் மேடம்" என்று பதில். இலை பழுக்க ஆரம்பித்ததும், தண்ணீர் அதிகம் என்றார்கள். குறைத்தால், தண்ணீர் போதவில்லை என்றார்கள். போன் செய்தால் "சார் கிளாஸ்ல இருக்காரு". அப்புறம் "செடிக்கெல்லாம் கேரண்டி கிடையாது மேடம்". கட்டிய 6,500 ரூபாயில் பாதியாவது கொடுங்கள் என்று எழுதினேன். குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

நேற்று கல்லைக் கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! மரத்தை இழுத்தால் அப்படியே கையோடு வந்தது. ஒரு வேர்கூட இல்லை. சாய்வாக வெட்டிய கிளை முனை, கறுத்து அழுகி, நாற்றம். தொட்டியின் அடியில் வடிகால் துளையும் இல்லை. ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலம் தேவைப்படுகிற மரம் அது. நல்ல வேரோடு இருந்தாலே சென்னையில் திணறும். இருபது வருஷம் மரம் வளர்த்தவருக்கு இது தெரியாதா?

ஒரு வகுப்பில் என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. மரத்தை வாங்கும்போதே அடியில் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். தொட்டியைத் திருப்பித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கல் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். நம் ஊருக்கு இச்சி, ஆல், போகன்வில்லா மாதிரிதான் கேளுங்கள். உங்கள் கையால் வேர் வெட்டி நட விடுவார்களா என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வகுப்பு என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே ஜூனிபர் படம், அதே 6,500 ரூபாய். கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.