ஆர்சனிக் நீருக்கு மாற்று: வீட்டு வடிகட்டியா, ஆழ்குழாய்க் கிணறா?

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் வங்காளதேச நண்பரின் ஊர், மேக்னா ஆறு பாயும் சாந்த்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே குடிநீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் நஞ்சால் அவருடைய தாயாரின் உள்ளங்கைகளில் தோல் தடித்து முடிச்சுகளாகியிருந்ததைக் கைப்பேசிப் படத்தில் கண்ட பிறகு, நாங்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடிப் பணம் திரட்டினோம். அதில் இருபது வீடுகளுக்கு வடிகட்டி வாங்குவதா, ஊருக்குப் பொதுவாக ஓர் ஆழ்குழாய்க் கிணறு போடுவதா என்று நீண்ட நேரம் வாதிட்டுக் கடைசியில் கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே.

குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்குக்கு அஞ்சி 1970களில் பெருமளவில் போடப்பட்ட ஆழம் குறைந்த அடிகுழாய்களில்தான் இந்த நஞ்சு வருகிறது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்போடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக், பிராணவாயு இல்லாத நிலத்தடியில் நுண்ணுயிர்களின் செயலால் அந்த இரும்பு கரையும்போது நீரில் கலக்கிறது. காய்ச்சினாலும் போகாது.

வடிகட்டியின் சிறப்புகள் வெளிப்படையானவை: விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். இரும்புத் துகள் கலவையால் ஆர்சனிக்கை ஈர்க்கும் சோனோ வடிகட்டிக்காக அபுல் உசாம் 2007இல் கிரைஞ்சர் பரிசு பெற்றார். அதன் திறனில் எனக்கு ஐயமில்லை.

என் தயக்கமெல்லாம் பராமரிப்பைப் பற்றியது. வடிகட்டியின் ஈர்க்கும் திறன் தீர்ந்த பிறகும் அதிலிருந்து தெளிந்த, சுவை மாறாத நீரே வரும், ஏனெனில் ஆர்சனிக்குக்குக் கரைந்த நிலையில் நிறமும் மணமும் இல்லை. சிங்கப்பூரில் குழாய்நீரைச் சோதிப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. நண்பரின் ஊரிலோ இருபது வடிகட்டிகளையும் சோதித்து, காலத்தில் கலவையை மாற்றி, நஞ்சேறிய பழைய கலவையைக் குளத்தில் கொட்டாமல் அகற்றுவது இருபது குடும்பத்தலைவிகளின் தலையில் விழும். கிணற்றில் பெரும்பாலும் பழுதாவது அடிபம்புதான். பழுதானால் தண்ணீர் நின்றுவிடும், ஊரே கூடிவிடும், அன்றே யாராவது வாஷரை மாற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியும் பழுதைத்தான் ஊர் சரிசெய்யும் என்பது என் கணிப்பு.

ஆழத்துக்கும் ஆதாரம் உண்டு. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் வங்காளதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆழம் குறைந்த கிணறுகளில் 27 விழுக்காடு, அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டின; 150 மீட்டருக்கும் மேல் ஆழமான கிணறுகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10தான்.

எனினும் எங்கள் கிணற்றுக்கு மூன்று வயதே ஆகிறது. அதை வைத்து இருபதாண்டுக்கு உறுதி கூறுவது மிகையாகும். துளையைச் சுற்றிக் களிமண் அடைப்புச் சரியில்லாவிட்டால் மேலடுக்கு நீர் கீழே கசியக்கூடும். கடலோரத்தில் உப்பும் தொல்லை தரலாம். ஊரின் கோடி வீட்டுப் பெண்களுக்குக் குடத்தோடு நடக்கும் தொலைவு இருக்கவே இருக்கிறது. அந்த ஓரிரு வீடுகளுக்கு வடிகட்டியே பொருத்தம் என்று நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. மழைநீர்த் தொட்டியை நாங்கள் முயன்று பார்க்கவில்லை, ஆகவே அதை இங்கே எடைபோடவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கென்று, திரட்டிய தொகையில் 300 சிங்கப்பூர் வெள்ளியைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.